பின்னால் வருகிற வீடு

ஜெர்மனிக்குப் போகிறேன் என்றதும் சேலத்தில் கேட்டவர்கள் எல்லோரும் பனிமலை, அரண்மனை என்று எனக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். "பழைய வண்டி ஒன்று பார்க்கப் போகிறேன்" என்றேன். அறுபத்தோரு வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் அதே கேள்விதான். விமானத்தில் முட்டியை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது அது இன்னும் பெரிதாகிவிட்டது.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தான வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது தொழில். இருபத்தேழு வருடம் லாரிக்கு அடியிலும் காருக்கு அடியிலும் படுத்து எழுந்ததில் முட்டி இரண்டும் போய்விட்டன. என் தம்பி செந்தில் ஜெர்மனியில், வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒருநாள் போன் செய்தான். "அக்கா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கணும். கேரவன் இழுக்கணும், கேம்பிங் எடமெல்லாம் புல்லும் சேறுமா இருக்கும். எனக்கு பானெட்டுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது. நீ வந்து பார்த்துச் சொல்லேன்."

கேரவன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். செந்திலின் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். தன் கட்டிலைத் தவிர வேறு எங்கேயும் தூங்க மாட்டாள். மூன்று வருடத்துக்கு முன் சேலத்துக்கு வந்தார்கள். பதினோரு நாள் அந்தக் குழந்தை கண் மூடவில்லை, அதன் அம்மா கவிதாவும் மூடவில்லை. பன்னிரண்டாம் நாள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு இரவுகூட வெளியே எங்கும் தங்கியதில்லை. அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் நான் கவிதாவிடம், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டேன். நான் முட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியதற்கு அதுதான் காரணம்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். கவிதா வாசலில் நின்று, "வாங்க அண்ணி. பிரயாணம் சௌகரியமா?" என்று கேட்டாள். எல்லா மரியாதையும் இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தாள். யாழினி என்னைப் பார்க்கவில்லை. மணி நான்கானதும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

நானும் பின்னால் போனேன். பக்கத்து வீட்டு ஹெல்கா பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். அவர் முற்றத்தில்தான் கேரவன் நின்றது. பால் நிறம், பக்கவாட்டில் பழுப்புக் கோடு, ஜன்னலில் பழுப்புத் திரை. உள்ளே ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, இரண்டு அடுப்பு. போன வருடம் ஒரு மத்தியானம் யாழினி தானாகவே அதற்குள் ஏறிப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாளாம். செந்தில் மறுவாரமே அதை ஹெல்காவிடம் விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டான். இழுக்க வண்டி இல்லாததால் அது அங்கேயே நின்றது, குழந்தை தினமும் நான்கு மணிக்குப் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஹெல்கா வீட்டை விற்றுவிட்டார். வடக்கே மகளிடம் போகிறார். வாங்கியவர்கள் சனிக்கிழமைக்குள் முற்றம் காலியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீதியில் நிறுத்திவைக்க இரண்டு வாரத்துக்கு மேல் அனுமதி இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரை கேம்பிங்கில் வருடம் முழுக்க ஓர் இடம் பேசியிருந்தான் செந்தில்.

ஹெல்கா எனக்கு ப்ளம் கேக் ஒரு துண்டு வெட்டித் தந்து என்னவோ சொன்னார். செந்தில் மொழிபெயர்த்தான். "நீங்கதான் வண்டிக்கு டாக்டராமே? உங்க தம்பி அதை வாங்கினதிலேர்ந்து தினமும் டயருக்குக் காத்து மட்டும்தான் அடிக்கிறான்." கேக் புளிப்பாக இருந்தது. இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன்.

அன்று மாலை செந்தில் மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணை காட்டினான். நாற்பது வண்டிகள். இழுவைத் திறன், மைலேஜ், வயது, நிறம், உள்ளே கப் வைக்க எத்தனை இடம் என்பது வரை தனித்தனிக் கட்டங்கள். "ஒரு வண்டியையாவது நேர்ல பார்த்தியா?" என்றேன். "அதுக்குத்தானே அக்கா நீ வந்திருக்கே" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டுட்கார்ட். விற்பவர் திருநெல்வேலிக்காரர், கார் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். வீட்டு வாசலிலேயே பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார். அவர் மனைவி ஃபில்டர் காபி கொடுத்தார். சேலத்தை விட்ட பிறகு நான் குடித்த முதல் உருப்படியான காபி. அதைக் குடித்துவிட்டு அவர் வண்டியைக் குறை சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"சிங்கிள் ஓனர் மேடம். வீக்கெண்ட் யூஸ் மட்டும்தான். டிரெய்லர் ஒரு தடவைகூட மாட்டினதில்ல" என்றார்.

நான் ஒரு பழைய துண்டைத் தரையில் விரித்துப் படுத்தேன். பின்னால் கேரவனை மாட்டும் இரும்புக் குண்டு ஒரு பக்கம் தேய்ந்து பளிச்சென்று இருந்தது. ஒருமுறைகூட மாட்டாத குண்டு தேயாது. அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தார்கள். வீட்டுச் சாவியால் லேசாகச் சுரண்டினேன். துரு பொரி போலப் பொலபொலவென்று முகத்தில் கொட்டியது. நம் ஊரில் கடலோர வண்டியில்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் வீதியில் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்களாம். வருடாவருடம் வண்டிகளை ஊறுகாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்திருக்க முடியவில்லை. செந்தில் ஒரு கையும் விற்பவர் ஒரு கையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். "பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு" என்று செந்தில் வழியெல்லாம் முனகினான்.

புதன்கிழமை கெல்சென்கிர்ச்சன். அங்கே ஜெகன் அண்ணை என்று ஒருவர் பழைய வண்டிகள் விற்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், ஏமாற்ற மாட்டார் என்று செந்திலின் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாங்கினால் ஓட்டிக்கொண்டே திரும்பலாம் என்று ரயிலில் போனோம். நாங்கள் முன்பதிவு செய்திருந்த பெட்டியே அன்று ரயிலில் இல்லை. ஒரு பெட்டியை எப்படி மறப்பார்கள் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ சொன்னார். "இன்னிக்கு எஞ்சினையாவது மறக்காம கொண்டு வந்தாங்களேன்னு சொல்றார்" என்றான் செந்தில். கழிவறைக்குப் பக்கத்தில் என் பையின் மேலேயே உட்கார்ந்து போனேன். ஈரோடு பாசஞ்சரில் யாராவது எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் புத்தகம் படித்தார்கள்.

ஜெகன் அண்ணைக்கு என் வயதுதான் இருக்கும். கையில் கிரீஸ் கறை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. "வாங்கோ அக்கா. றெயின் பிந்திப் போச்சோ? இதில இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்றார். தேநீரோடு மட்டன் ரோல் வந்தது. சூடாக, உறைப்பாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அவர் இடத்தில் மூன்று வண்டிகள் இருந்தன. ஒன்றைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கரும்பச்சை, உயரமானது, லாரி மாதிரி தனிச் சேசிஸ், பின்கதவில் ஸ்பேர் வீல். அடியில் துரு இல்லை. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தேன், சுத்தம். நான்கு டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஸ்டார்ட் செய்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தேன். இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு எஞ்சினை நான் உடைந்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன்.

"இதுதான்" என்றேன். "கனமான வண்டிதான் கனத்தை இழுக்கும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

செந்தில் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்துவிட்டான். ஜெகன் அண்ணை மட்டும் அசையவில்லை. "அக்கா வடிவாத்தான் பாத்திருக்கிறா. தம்பி, உங்கட லைசன்சை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது சாதாரணக் கார் லைசன்ஸ். இந்த வண்டிக்கு அனுமதிச்ச முழு எடை மூவாயிரம் கிலோ. கேரவன் ஆயிரத்து முந்நூறு எண்டு சொல்லுறியள். ரெண்டும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல போனால் இதோட ஓட ஏலாது. நான் ஓடலாம். நான் எடுத்த காலத்தில எல்லாத்தையும் சேர்த்துத் தந்தவங்கள். இப்ப அப்பிடி இல்லை. தனியா ஓடிக் காட்டோணும். அதுக்கு டெர்மின் கிடைக்கவே மாசக்கணக்காகும்."

டெர்மின் என்றால் முன்கூட்டியே வாங்கும் நேரம். இந்த நாட்டில் அது இல்லாமல் முடிகூட வெட்டிக்கொள்ள முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. ரயிலில் தரையில் உட்கார்ந்து வந்த கோபம், முட்டி வலி எல்லாம் சேர்ந்துகொண்டது. "முப்பது கிலோமீட்டர்தானேங்க? ஒரே ஒரு நாள். யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பொலிஸ் மறிச்சால் லைசன்ஸ் இல்லாமல் ஓடின மாதிரித்தான் எடுப்பாங்கள். ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரன் பிறகு எங்களிட்டத்தான் வருவான். விக்கிறதுக்கு எனக்கு ஆசை இல்லையோ அக்கா? பிள்ளையும் அதுக்குள்ளதானே இருக்கப் போகுது."

இன்சூரன்ஸ்காரன். நான்தான் அந்த ஆள். எந்த விபத்துக்குப் போனாலும் நான் முதலில் சொல்வது, "லைசன்ஸை எடுங்க" என்பதுதான். அப்புறம்தான் வண்டியையே பார்ப்பேன். ஆத்தூர்க்காரர் ஒருவர் கார் லைசன்ஸை வைத்துக்கொண்டு கனரக லாரி ஓட்டிக் கவிழ்த்துவிட்டார். நான் எழுதிய ஒரு வரியால் அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அவர் மனைவி எங்கள் அலுவலகப் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். சட்டம் அப்படி என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். அத்தனை பேரிடமும் கேட்டவள் என் சொந்தத் தம்பியிடம் கேட்கவில்லை. அவனுடைய நாற்பது வண்டி அட்டவணையிலும் லைசன்ஸுக்கு ஒரு கட்டம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை ஜெகன் அண்ணையிடம் சொல்லவும் செய்தேன். அவர், "ரோல் இன்னொண்டு எடுங்கோ" என்றார்.

மூன்றாவதாக நின்ற வண்டியை நான் வந்ததிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணல் நிறம், சின்னது, சாதுவான முகம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. அனுமதித்த எடை இரண்டாயிரத்து நூறு, ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை இழுக்கலாம் என்று பதிவுத்தாளில் இருந்தது. கேரவனோடு சேர்த்தால் மூவாயிரத்து நானூறு. மறுபடி துண்டை விரித்துப் படுத்தேன். குறை ஒன்றும் பெரிதாக இல்லை, முன் பிரேக் கட்டை மட்டும் மாற்ற வேண்டும். அதைத் தானே மாற்றித் தருகிறேன் என்றார் ஜெகன் அண்ணை.

செந்தில் கவிதாவுக்கு வீடியோ போட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினான். அவள் விலையைக் கேட்கவில்லை. எஞ்சினைக் கேட்கவில்லை. "போனை அண்ணிகிட்ட குடுங்க" என்றாள்.

"அண்ணி, பின் சீட்ல பெல்ட் போட்டுக்கிட்டு உக்காந்தா, பின்னாடி வர்ற கேரவன் தெரியுமா?"

புரியாமல் விழித்தேன். அவளே சொன்னாள். "ஓடுற கேரவன்ல ஆள் உக்காரக் கூடாதாம், இங்க ரூல். யாழினி கார்லதான் வரணும். அது கண்ணுல படாம போச்சுன்னா, அதைத் தொலைச்சுட்டதா நினைச்சுக்குவா. அப்புறம் கார்ல இருக்க மாட்டா. எதுலயுமே இருக்க மாட்டா."

பின்சீட்டில் ஏறி பெல்ட் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தைத் திருப்பினால் சீட்டின் தலையணைதான் தெரிந்தது. கரும்பச்சையிலும் போய் உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஸ்பேர் வீல் பின்கதவுக் கண்ணாடியையே அடைத்திருந்தது. நான் தலைமேல் வைத்துக் கொண்டாடிய வண்டியில் குழந்தைக்கு ஒரு டயர்தான் தெரிந்திருக்கும்.

ஜெகன் அண்ணை உள்ளே போய் ஓர் இழுப்பறையைக் குடைந்து, உள்ளங்கை அளவு பின்பார்வைக் கண்ணாடி ஒன்றோடு வந்தார். பின்னால் ரப்பர் கிண்ணம் இருந்தது, ஜன்னலில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். "டிரைவிங் படிப்பிக்கிற ஆக்கள் பாவிக்கிறது. பிள்ளைக்கு முன்னால ஒட்டி விடுங்கோ. இதுக்குக் காசு வேண்டாம்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் பதிவு, காப்பீடு, நம்பர் பலகை என்று போயின. செந்தில் ஓடினான், நான் பெரும்பாலும் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு கிடந்தேன். வெள்ளிக்கிழமை கவிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "சேலத்துல நான் உன்கிட்ட சொன்னது தப்பு கவிதா" என்றேன். அவள் கத்தி நிற்கவில்லை. "அதை விடுங்க அண்ணி. நாளைக்கு நல்லபடியாப் போய்ச் சேரட்டும்" என்றாள். மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நானாக இருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை கேரவனை வண்டியில் மாட்டினோம். முற்றத்திலிருந்து பின்பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். செந்தில் வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போனது. நான் லாரி கிளீனர் மாதிரி பின்னால் போய் நின்று, "ஒடிச்சு விடு, ஒடிச்சு விடு, ரைட்டு" என்று கேரவனின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினேன். யாழினி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அதன் பிறகு வாயைத் திறக்காமல் கையால் மட்டும் காட்டினேன். எதிர்ப்பக்கம் ஹெல்கா ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் ஆனது. கேட் தூணில் ஒரு கீறல் விழுந்தது. "அது புது வீட்டுக்காரங்களோட தூண்" என்று ஹெல்கா சொன்னதாகச் செந்தில் சொன்னான். கிளம்பும்போது அவர் கேரவனின் கதவைத் தடவிக் கொடுத்தார். எங்களுக்குக் கை காட்டவில்லை.

பின்சீட்டில் யாழினியும் நானும். அவளுக்கு முன்னால் ஜன்னலில் அந்தச் சின்னக் கண்ணாடி. அதில் பழுப்புக் கோடு தெரிந்தது. "வருது" என்றாள். நான் வந்த ஆறு நாளில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை.

நேர் வீதியில் ஒன்றும் தொந்தரவில்லை. முதல் வளைவில் கேரவன் கண்ணாடியை விட்டு விலகியது. அவ்வளவுதான். பெல்ட்டைப் பிய்க்க ஆரம்பித்தாள், தலையைக் கதவில் இடித்தாள். கவிதா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பாதி உடம்பை நுழைத்து அவளைப் பிடித்தாள். செந்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்து நிறுத்தினான். யாழினி இறங்கி ஓடி, கேரவன் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் இருந்தது.

"திரும்பிடலாம்" என்றாள் கவிதா. திரும்பிப் போனாலும் வீதியில் இரண்டு வாரம்தான் நிறுத்தலாம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவளும் தெரிந்துதான் சொன்னாள். அவள் முகத்தில் சேலத்துப் பதினோராம் நாள் பார்த்த அதே களைப்பு இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நான் கண்ணாடியை ஜன்னலிலிருந்து பிடுங்கினேன். "அவளை உக்கார வை. நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

இருபத்திரண்டு கிலோமீட்டரும் இடது கையை நீட்டி அவள் முகத்துக்கு நேரே அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீதி வலப்பக்கம் வளைந்தால் ஒரு பக்கம் சாய்க்க வேண்டும், இடப்பக்கம் வளைந்தால் மறுபக்கம். செந்தில் முன்கூட்டியே, "லெஃப்ட் வருது அக்கா, இப்ப ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். அவ்வப்போது வலது கையைத் தாங்கக் கொடுத்தேன். பின்னால் வரிசையாகப் பத்துக் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை, அது ஒன்று இந்த நாட்டில் நல்ல பழக்கம். "வருது" என்றாள் யாழினி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வருது." நானும் சொல்ல ஆரம்பித்தேன். "வருது."

ஏரிக்கரையில் இறங்கியபோது என் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. கவிதாதான் விரல்களைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்தாள். புல்தரையில் சேறு இருந்தது. மணல் நிற வண்டி முனகாமல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. மணி நான்கானதும் யாழினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிப் படுத்தாள். கவிதா பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டியதும் செந்திலும் நானும் பக்கத்தில் சின்னக் கூடாரத்தில் படுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேரவன் கதவை மெல்லத் திறந்தேன். கட்டிலில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் கவிதா, உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தது போல, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குப் பால் வண்டிக்காரர் ஒருவர் மணியடிக்கப் போனார், எழுந்து போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். செந்திலைக் காபி போட விடவில்லை. ஒன்பது மணி ஆனது. எனக்குப் பசித்தது, முட்டி வலித்தது, யாரையும் எழுப்ப மனமில்லை.

ஒன்பதரைக்குக் கவிதா பதறிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெயிலைப் பார்த்தாள், கையில் மணியைப் பார்த்தாள், திரும்பி உள்ளே பார்த்தாள். குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு, மடியில் கிடந்த என் இடது கையைப் பார்த்துக் கேட்டாள்.

"கை வலிக்குதா அண்ணி?"

"இல்லையே" என்றேன். அவள் உள்ளே போய்த் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.